குளிர்ந்த எத்தனாலில் மூலிகைச் சாரம்: காசை எதில் போடலாம், எதில் போட வேண்டாம்

முதல் முறை நான் எடுத்த ரோஸ்மேரி சாரம் பாசி பிடித்த குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. கரும்பச்சை, நாக்கில் வைத்தால் புல் கசப்பு. இத்தனைக்கும் எத்தனாலை (மதுவில் இருக்கும் அதே ஆல்கஹால்) இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்திருந்தேன். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க இன்னும் மூன்று ஜாடி இலை வீணானது. அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

குளிர் எதற்கு? இலையில் நமக்கு வேண்டிய மணப்பொருள்களோடு பச்சையமும் மெழுகும் இருக்கின்றன. அறை வெப்பத்தில் எத்தனால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். குளிர்ந்திருந்தால் மெழுகு அவ்வளவாகக் கரையாது, பச்சையமும் மெதுவாகத்தான் இறங்கும். எத்தனால் உறைவது மைனஸ் 114 டிகிரியில். அதனால் மைனஸ் 18-இல் ஓடும் வீட்டு ஃப்ரீசரில் அது உறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

எத்தனால் 95 சதவீதம், உணவுத் தரம். நிறம் கலந்த மெத்திலேட்டட் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். அதில் மெத்தனால் இருக்கலாம், அது கண்ணையும் உயிரையும் பறிக்கும். இலை கையில் நொறுங்குகிற அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாததையும் கரைத்து இழுத்து வரும். என் கணக்கு 50 கிராம் இலைக்கு 500 மி.லி. எத்தனால்.

சரி, சாமான்கள். சிலிகான் வளையம் உள்ள, இறுக மூடும் கண்ணாடி ஜாடி இரண்டு. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஃப்ரீசரைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனை அடித்தால் மூடி கசிகிறது என்று அர்த்தம், உடனே மாற்றுங்கள். வீட்டு ஃப்ரீசருக்குள் விளக்கு சுவிட்சும் தெர்மோஸ்டாட்டும் உண்டு, ஒரு பொறி போதும். பிளாஸ்டிக்கில் பாலிஎத்திலீன், பாலிப்ரோப்பிலீன் இரண்டும் தாங்கும். அக்ரிலிக் விரிசல் விடும்.

அடுத்தது, நான் யாரிடமும் முதலில் சிபாரிசு செய்யும் பொருள்: ஃபிரெஞ்ச் பிரஸ். ஆமாம், காபி போடுகிற அதேதான். கண்ணாடிக் குவளை, எஃகு வலை, அழுத்தினால் இலை கீழே தங்கிவிடும். இதற்கென்றே விற்கும் வலைப்பைகளை வாங்கிப் பார்த்தேன். பிழியும்போது கையின் சூடே சாரத்தைக் கெடுத்துவிடுகிறது.

இப்போது செய்முறை. எத்தனாலும் இலையும் தனித்தனி ஜாடியில், குறைந்தது 12 மணி நேரம் ஃப்ரீசரில். பிறகு ஒன்றாகக் கொட்டி, மூடி, மெதுவாகப் புரட்டி 5 நிமிடம். பத்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள். குலுக்காதீர்கள், இலை பொடியானால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் வடிகட்டுவது. நான் சறுக்கியது இங்கேதான். மைனஸ் 18-இல் இருந்த கலவையை அலமாரியிலிருந்து எடுத்த பிரஸ்ஸில் ஊற்றினேன். சந்தேகம் வந்து தெர்மாமீட்டரைப் போட்டால் மைனஸ் 4. இத்தனை நேரம் சேர்த்த குளிரைக் கண்ணாடிக் குவளை ஒரு நொடியில் குடித்துவிட்டது! அதற்கு மேல், அதைக் காபி ஃபில்டர் தாளில் ஊற்றிவிட்டு நாற்பது நிமிடம் காத்திருந்தேன். சொட்டுச் சொட்டாக இறங்கி முடிப்பதற்குள் அறைச் சூட்டுக்கு வந்துவிட்டது. ஜாடியில் கரையாமல் இருந்த மெழுகெல்லாம் தாளின் மேல் உட்கார்ந்து நிதானமாகக் கரைந்து உள்ளே போனது. ஃப்ரீசர் வேலை செய்தது, நான்தான் வெளியே எடுத்துக் கெடுத்தேன்.

ஆகவே பிரஸ், புனல், சாரத்தைப் பிடிக்கும் ஜாடி எல்லாம் முந்தைய இரவே ஃப்ரீசருக்குள் போக வேண்டும். முதலில் பிரஸ்ஸில் ஒரே அழுத்து. கடைசிச் சொட்டுக்காக நசுக்க வேண்டாம். எனக்கு 400 மி.லி.க்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், மிச்சம் இலைக்கு. பிறகுதான் தாள். இங்கே மட்டும் செலவு செய்யுங்கள்: ஒரு புக்னர் புனல் (துளையிட்ட தட்டையான அடியில் தாள் விரித்து வடிகட்டுவது), பக்கக்குழாய் உள்ள தடித்த குடுவை, கையால் இழுக்கும் வெற்றிடப் பம்பு. நாற்பது நிமிட வேலை மூன்று நிமிடத்தில் முடியும். சாதாரண ஜாடியை வெற்றிடத்தில் மாட்டாதீர்கள், உள்வாங்கி நொறுங்கும். மின்சாரப் பம்பும் வேண்டாம், ஆவியை உறிஞ்சி மோட்டார் வழியாக அனுப்புவது எனக்குச் சரிப்படவில்லை.

சாரத்தைக் கெட்டியாக்க வேண்டும் என்றால், 100 மி.லி. அளவில் அகலத் தட்டில் ஊற்றித் திறந்தவெளியில் நிழலில் வையுங்கள். வேகம் வேண்டுமானால் கெட்டிலில் கொதித்த வெந்நீரை வெளியே கொண்டுபோய்த் தட்டுக்கு அடியில் வையுங்கள். அடுப்பும் வேண்டாம், ஹாட்பிளேட்டும் வேண்டாம். எத்தனால் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய்த் தூரத்திலிருக்கும் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். காய்ச்சி வடித்து எத்தனாலை மீட்பதற்குப் பல நாடுகளில் உரிமம் வேண்டும், அதனால் அதை இங்கே எழுதவில்லை. உண்மையில் முதல் சில முறைக்குக் கெட்டியாக்கவே தேவையில்லை, அப்படியே டிங்சராக, அதாவது எத்தனாலில் கரைந்த சாரமாகவே வைத்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: வடிகட்டியதும் தெளிவாக இருந்தது, குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததும் கலங்கிவிட்டதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அது தப்பி வந்த மெழுகு. மறுபடி 24 மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, குளிர்ந்த புனலில் இன்னொரு தாள் போட்டு வடிகட்டுங்கள். அதற்கும் கலங்கல் போகவில்லை என்றால் ஜாடியை எப்போது திறந்தீர்கள் என்று பாருங்கள். குளிர்ந்த ஜாடியை ஈரக்காற்றில் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே படிந்து எத்தனாலில் கலக்கும், தண்ணீர் ஏறினாலும் கலங்கும். நான் இப்போது ஜாடி வெளியில் துளிர்த்த நீரைத் துடைத்துவிட்டுத்தான் மூடியில் கை வைக்கிறேன்.