"டீச்சர்கிட்ட கேட்டுச் சொல்றேன்": சின்ன அறக்கட்டளை ஒரே ஆளை நம்பி நிற்காமல் இருக்க

2023 மே கடைசியில் எனக்கு டைஃபாய்டு வந்து 19 நாள் படுத்த படுக்கையானேன். அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றபின் நான் தொடங்கிய அறக்கட்டளை, திண்டிவனம் – செஞ்சி வட்டாரத்தில் ஐந்து கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறது. சம்பளத்துக்கு நான்கு பேர், அறங்காவலர்கள் ஐந்து பேர், ஒரு பழைய பீரோ. அவ்வளவுதான்.

அந்த 19 நாளும் மையங்கள் தவறாமல் நடந்தன. மற்றதெல்லாம் நின்றது. சம்பளக் காசோலையில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. பீரோ சாவி என் கைப்பையில். நன்கொடை விவரங்களை மே 31-க்குள் வருமான வரித் தளத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு ஓடிபி வரும் போன் சார்ஜ் இறங்கி என் தலையணைக்கு அடியில் கிடந்தது. ஜூன் 11-ம் தேதிதான் ஏற்ற முடிந்தது. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய், ஆகமொத்தம் 2,200 என்று ஆடிட்டர் கணக்குச் சொன்னார். காசு கூடப் பெரிதில்லை. நன்கொடைக்கு வரிச் சலுகை பெற உதவும் 80ஜி சான்றிதழைக் கேட்டு ஒரு நன்கொடையாளர் மூன்று முறை போன் செய்திருக்கிறார். மூன்று முறையும் எங்கள் ஆட்கள் சொன்ன பதில், "டீச்சர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

உங்கள் அமைப்பிலும் இந்த வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும். சார், அண்ணா, அக்கா என்று ஆள்தான் மாறும். முதல் வேலையாக இதை எண்ணுங்கள். நாங்கள் 40 பக்க நோட்டு ஒன்றை மேசைமேல் வைத்து, யாராவது இப்படிச் சொல்ல நேர்ந்தால் எதற்காக என்று ஒரு வரி எழுதச் சொன்னோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் தகவல்: பான் எண் என்ன, மையத்து வாடகை ஒப்பந்தம் எங்கே, ஆடிட்டர் நம்பர் என்ன. இதற்கெல்லாம் ஓர் ஆள் தேவையில்லை, ஒரு ஃபைல் போதும்.

அந்த ஃபைலில் அறக்கட்டளைப் பத்திர நகல், பான், 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் பதிவு), 80ஜி ஆணைகள், தர்பன் எண் (தொண்டு அமைப்புகளுக்கான அரசுத் தளத்தின் பதிவு எண்), வங்கி விவரம் எல்லாவற்றையும் வையுங்கள். ஆணைகளின் மேலேயே காலாவதி தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். 2021-க்குப் பிறகு பதிவைப் புதுப்பித்த பலருக்கும் ஐந்து வருடக் கெடுதான் கிடைத்தது. முடிவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பித்தாக வேண்டும். ஃபைலின் முதல் பக்கம் வருடாந்திரத் தேதிகள். அதில் படிவ எண்ணை மட்டும் எழுதி வைக்காதீர்கள், 2026 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டமே புதிது. "நன்கொடை விவரம் ஏற்றுவது, பொறுப்பு இன்னார்" என்று வேலையை எழுதுங்கள். தேதியை வருடா வருடம் ஆடிட்டரிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.

ஓடிபிக்கு ஒரு பட்டன் போன் வாங்கி, அறக்கட்டளைக்கென்று தனி சிம் போட்டு அலுவலகத்தில் வைத்தோம். இதை முதலிலேயே செய்யத் தோன்றவில்லையே என்று இன்னும் என்னை நொந்துகொள்கிறேன்.

அப்புறம் கையெழுத்து. எதற்கும் இருக்கட்டும் என்று வெற்றுக் காசோலைகளில் கையெழுத்துப் போட்டு வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நானும் செய்திருக்கிறேன். தப்பு. மூவரில் எந்த இருவர் கையெழுத்திட்டாலும் போதும் என்று வங்கிக் கணக்கை மாற்றுங்கள். அதற்கு முன் பத்திரத்தைப் பிரித்துப் படியுங்கள். நிர்வாக அறங்காவலர் மட்டுமே கணக்கை இயக்கலாம் என்று அதில் இருந்தால் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டிவரும். இல்லையென்றால் ஒரு தீர்மானம் போதும். நாங்கள் எழுதியது இது:

"இன்று கூடிய அறங்காவலர் கூட்டத்தில், அறக்கட்டளையின் வங்கிக் கணக்கை நிர்வாக அறங்காவலர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் கூட்டாகக் கையெழுத்திட்டு இயக்கலாம் என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

லெட்டர் பேடில் நகல் எடுத்து, சீல் வைத்து, புதிதாகக் கையெழுத்திடப் போகிறவர்களின் ஆதார், பான் நகல்களோடு வங்கிக்குப் போங்கள். ஒரே நடையில் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பணத்தில் எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது அடுத்த படிதான். மையப் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் மாதம் 1,500 ரூபாய் வரை யாரையும் கேட்காமல் செலவு செய்யலாம். மூன்று நாளுக்குள் பில்லும், வவுச்சரில் ஒரு வரி காரணமும் தர வேண்டும் என்று வைத்தோம். முதல் மாதமே ஒரு பெண் 450 ரூபாய்க்குச் சுவர்க் கடிகாரம் வாங்கினாள். எல்லார் கையிலும் போன் இருக்கும்போது கடிகாரம் எதற்கு என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. வவுச்சரைப் பார்த்தேன். "பிள்ளைகள் மணி தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், இருட்டியபின் ஏரிக்கரை வழியாகப் போகிறார்கள்." வாயை மூடிக்கொண்டேன். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் ஏரிக்கரை தெரியாது.

மாதாந்திரக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பை முறை வைத்து மாற்றினோம். முதல் முறை எங்கள் செஞ்சிப் பக்கத்துத் தம்பி நடத்தினான். நான்காவது நிமிடம் நான் குறுக்கே பேசினேன். அதற்குமேல் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். தலைமையாசிரியை வாசனை லேசில் போகாது. அடுத்த மாதம் மினிட்ஸ் எழுதும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எழுதுகிற ஆளுக்குப் பேச நேரம் இருக்காது. அமைப்பைத் தொடங்கியவர்களுக்கு நான் சொல்லும் ஒரே தந்திரம் இதுதான். மினிட்ஸில் என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று மூன்றே பத்தி. அடுத்த கூட்டம் இதைப் படித்துத்தான் தொடங்கும்.

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் "தலைமைப் பண்பு" என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. ஒருவரை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினால் சம்பளம் ஏற வேண்டும். நாங்கள் 2,000 ரூபாய் கூட்டினோம். நோட்டு, பென்சிலுக்குத் தருகிறவர்கள் கணக்கெழுதும் ஆளுக்குத் தரத் தயங்குவார்கள். வெளிநாட்டு நிதி வாங்குகிற அமைப்புகளுக்கோ சட்டமே கையைக் கட்டுகிறது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 2020-ல் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. அதனால் உள்ளூர் நன்கொடையாளரிடம் திட்ட மதிப்பீடு கொடுக்கும்போதே "பணியாளர் பயிற்சி, கணக்கு" என்று தனி வரி போட்டுவிடுங்கள். கேட்டால் கூச்சப்படாமல் விளக்குங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

அறங்காவலர்களைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சொந்தக்காரர்களை மட்டும் வைக்காதீர்கள், கணக்குத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். அறக்கட்டளையாக இல்லாமல் சங்கமாகப் பதிந்தவர்களுக்கு, 1975-ம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது. பழைய ஆட்களையே மறுபடி போடலாம்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரு புது முகமாவது வரட்டும்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க, போனை அணைத்துவிட்டு 10 நாள் ஊருக்குப் போங்கள். நாள் பார்த்துப் போங்கள். சம்பள நாளும் ஏதாவது ஒரு நிகழ்ச்சியும் நடுவில் வர வேண்டும். 2025 பொங்கலுக்கு முன் நான் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்ததும் அந்த நோட்டைத்தான் முதலில் எடுத்தேன். இரண்டே வரி. ஒன்று, பீரோவின் கீழ்த்தட்டுச் சாவி (அதை இன்னும் நான்தான் வைத்திருந்தேன், எப்படியோ). இன்னொன்று, பொங்கல் விழா அழைப்பிதழில் டீச்சர் பெயரை எங்கே போடுவது. அந்த வரியை அவர்களே அடித்துவிட்டு அச்சுக்குக் கொடுத்திருந்தார்கள். என் பெயர் நான்காவதாக இருந்தது. கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.