ஐசி50-இலிருந்து கேஐ: ரேடியோலிகண்ட் போட்டிச் சோதனையின் கணக்கு

ரேடியோலிகண்ட் என்பது ஏற்பியில் (மருந்து வந்து அமரும் செல் புரதத்தில்) பிணையும் கதிரியக்க மூலக்கூறு. போட்டிச் சோதனையில் மருந்து அதன் இடத்தைப் பிடிக்கப் போட்டியிடுகிறது. ரேடியோலிகண்டின் பிணைப்பைப் பாதியாகக் குறைக்கும் மருந்துச் செறிவே ஐசி50. அது மருந்தின் குணம் அல்ல. குழாயில் ரேடியோலிகண்ட் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்து அது மாறும். ரேடியோலிகண்டைக் கூட்டினால் அதே மருந்தின் ஐசி50 ஏறிவிடும். ஏற்பியோடு மருந்துக்குள்ள பிணைப்பு நாட்டத்தைச் சொல்வது கேஐ.

முதலில் ரேடியோலிகண்டின் கேடி, அதாவது ஏற்பியின் பாதி இடங்களை அது நிரப்பும் செறிவு, தெரிந்திருக்க வேண்டும். ஏற்பி உள்ள அதே செல் சவ்வு, அதே பஃபர், அதே வெப்பநிலையில் நீங்களே அளந்ததாக இருக்கட்டும். வேறு இடத்தில் எடுத்த எண்ணைக் கடன் வாங்கினால் பிழை நேராகக் கேஐக்குள் இறங்கும். போட்டியில் ரேடியோலிகண்டைக் கேடி அளவிலோ அதற்குக் கீழோ வையுங்கள். மருந்தை அரை லாக் இடைவெளியில், அதாவது சுமார் 3.16 மடங்கு படிகளில், 10 முதல் 12 செறிவுகள், ஒவ்வொன்றும் மும்முறை. இலக்கற்ற பிணைப்பை, அதாவது ரேடியோலிகண்ட் ஏற்பியை விட்டு வேறெங்கோ ஒட்டுவதை, அளக்க, ரேடியோலிகண்டின் வேதியமைப்பிலிருந்து மாறுபட்ட, கதிரியக்கமற்ற சேர்மத்தை அதன் கேஐயைப் போல் 100 மடங்கு செறிவில் போடுங்கள். அடைகாக்கும் நேரம் ரேடியோலிகண்ட் ஏற்பியிலிருந்து விலகும் அரைக்காலத்தின் 5 மடங்காவது இருக்க வேண்டும். மருந்து மெதுவாக விலகும் வகையானால் அதுவும் போதாது.

கதிரியக்க எண்ணிக்கை வந்ததும் வரைகோட்டுக்கு ஓடாதீர்கள். முதலில் ரேடியோலிகண்ட் தீர்ந்துபோகிறதா என்று பாருங்கள். ட்ரிட்டியம் லிகண்டின் தன்செயல்பாடு (குறிப்பிட்ட அளவுப் பொருளில் உள்ள கதிரியக்கம்) மில்லிமோலுக்கு 80 கியூரி என்றால், ஒரு ஃபெம்டோமோலுக்கு நிமிடத்துக்கு 177.6 சிதைவுகள். 0.25 மில்லிலிட்டரில் 1 நானோமோலார் என்பது 250 ஃபெம்டோமோல். ஆக 44,400 சிதைவுகள். கருவியின் திறன் 40 சதவீதமானால் 17,760 எண்ணிக்கை. மருந்தில்லாக் குழாயில் பிணைந்தது இதில் 10 சதவீதத்தை, அதாவது 1,776-ஐத் தாண்டினால், கட்டற்ற (பிணையாமல் மிதக்கும்) செறிவு நீங்கள் போட்டதைவிடக் குறைந்துவிட்டது. சவ்வைக் குறையுங்கள், அல்லது கன அளவைக் கூட்டுங்கள். போட்ட செறிவையும் பைப்பெட்டை நம்பி எழுதாமல், கரைசலில் சிறிது எடுத்து எண்ணிப் பாருங்கள்.

பிறகு மருந்துச் செறிவின் லாகை எக்ஸ் அச்சில் வைத்து எஸ் வடிவக் கோட்டைப் பொருத்துங்கள். அடித்தளம் இலக்கற்ற பிணைப்பின் மட்டத்தில் நிற்க வேண்டும். 1973-இல் செங், புரூசாஃப் இருவரும் வெளியிட்ட சமன்பாடு:

கேஐ = ஐசி50 ÷ (1 + ரேடியோலிகண்ட் செறிவு ÷ கேடி)

கேடி 1, ரேடியோலிகண்ட் 1, ஐசி50 20 நானோமோலார் என்றால் கேஐ 10 நானோமோலார்.

கோட்டின் சரிவு (ஹில் எண்) 1-க்கு அருகில் இருந்தால்தான் இந்தச் சமன்பாடு செல்லும். அப்போது கோடு 90-இலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்க 81 மடங்கு செறிவு பிடிக்கும். சரிவு 0.7 போல மழுங்கியிருந்தால் ஏற்பியில் இரு வகைப் பிணைப்பிடங்கள் இருக்கலாம். ஜி-புரதத்தோடு இணைந்த ஏற்பிகளில், ஏற்பியைத் தூண்டும் அகோனிஸ்ட் மருந்துகளுக்கு இது சகஜம். இரு இட மாதிரியில் பொருத்துங்கள். கோடு அடித்தளத்தைத் தொடாமல் மேலேயே தட்டையானால் மருந்து கரையாமல் நின்றிருக்கலாம், அல்லது வேறிடத்தில் அமர்ந்து அலோஸ்டெரிக்காக வேலை செய்யலாம். இங்கே கேஐ என்று ஓர் எண்ணை எழுதுவதே தவறு.

பல நாள் முடிவுகளைச் சராசரியாக்கும்போது கேஐயைக் கூட்டி வகுக்காதீர்கள். லாக் மதிப்புகளைச் சராசரியாக்கித் திருப்புங்கள். 1-க்கும் 100-க்கும் நேர்ச் சராசரி 50.5, லாக் வழியில் 10.