ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

வேலையை முடித்துவிட்டு, இபிஎப் சேமநிதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பினாங்கில் வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "பக்கத்துல நல்ல ஆஸ்பத்திரி இருக்கா?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எது பக்கம், எது தனக்கு நல்ல ஆஸ்பத்திரி என்று யோசிக்காமலே பலர் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகளைப் புதிதாக ஓய்வுபெறுகிறவர்கள் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி ப்ளாட் வேண்டாம் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே தொடவில்லை.

கிலோமீட்டரில் அளப்பது

வீடு காட்டும் ஏஜென்ட் "ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர்தான்" என்பார். ஞாயிறு காலை பத்து மணிக்குக் காரில் போய்ப் பார்த்தால் பன்னிரண்டு நிமிடத்தில் சேர்ந்துவிடுவீர்கள். நெஞ்சுவலி ஞாயிறு காலைக்காகக் காத்திருக்காது.

தஞ்சோங் பூங்காவிலிருந்து பத்து பெரிங்கி வரை கடலோரமாக ஒரே சாலை. வார இறுதி மாலையிலும் பள்ளி விடுமுறையிலும் இரவுச் சந்தைக் கூட்டத்தில் அது நகராது. பாலிக் பூலாவில் நிலம் மலிவு, காற்றும் நல்ல காற்று. ஆனால் அங்குள்ள அரசு மருத்துவமனை சிறியது. இதயக் குழாய் அடைப்பு போன்ற பெரிய சிக்கல் என்றால் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள ஜெனரல் ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும். வளைந்து வளைந்து போகும் மலைச்சாலையில், டுரியான் காலத்துச் சனிக்கிழமைகளில், அந்தப் பயணம் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அளப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. கூகுள் மேப்பில் புறப்படும் நேரத்தை மாற்றிப் பாருங்கள்: திங்கள் காலை 7.30, வெள்ளி மாலை 6.30, சனி இரவு 8. மூன்றில் எது அதிகமோ அதுதான் உங்கள் வீட்டின் உண்மையான தூரம். பிறகு மழை பெய்யும் ஒரு மாலையில் நேரில் ஓட்டிப் பாருங்கள். மோசமான நேரத்திலும் 20 நிமிடத்துக்குள், இருபத்து நான்கு மணி நேர அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனையை எட்ட முடிந்தால் போதும். அதைவிட நெருக்கமாக இருக்க வேண்டும் என்று கூடுதல் விலை கொடுப்பதில் பெரிய லாபமில்லை.

ஆம்புலன்சுக்குக் காத்திருக்கிறீர்கள் என்றால் தூரம் இரண்டு மடங்கு. வண்டி அங்கிருந்து வர வேண்டும், பிறகு உங்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். 20 நிமிட வீடு 40 நிமிட வீடாகிறது. மாடியிலிருந்து இறக்கும் நேரம் தனி.

நாளைக்கு நுழைய முடியாத ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு வாங்குவது

எத்தனை முறை சொன்னாலும் மீண்டும் மீண்டும் நடக்கிற தவறு இதுதான். பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. ஏனென்றால் இதில் போவது வாழ்நாள் சேமிப்பு.

வழக்கமாக நடப்பது இப்படி. பெருநிலப் பகுதியில் புக்கிட் மெர்தாஜாமிலோ நிபோங் திபாலிலோ இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த டெரஸ் வீட்டை விற்கிறார்கள். தீவில், ஜார்ஜ்டவுனில் பெயர்பெற்ற தனியார் மருத்துவமனைக்கு நடந்தே போகும் தூரத்தில் ஒரு கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, வாங்குகிறார்கள். "இனி கவலையில்லை" என்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைய உதவியது வேலை செய்த கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டு, அதாவது ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்பீட்டு அட்டை. வேலை முடிந்த அன்றே அந்தக் கார்டும் முடிந்தது. அது வீடு வாங்கிய பிறகு, முதல் முறை அட்மிட் ஆகும்போது, கவுன்டரில் முன்பணம் கேட்கையில்தான் உறைக்கிறது.

சொந்தமாக இன்சூரன்ஸ் எடுத்தவர்களுக்கும் இதே நிலை கொஞ்சம் தள்ளி வருகிறது. வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். ஐம்பத்தைந்தில் கட்ட முடிந்த தொகையை எழுபதில், சம்பளம் இல்லாத காலத்தில், கட்ட முடிவதில்லை. பல பேரிடம் இருப்பது முதலீட்டோடு சேர்ந்த பாலிசி. மாதம் கட்டும் பணத்தில் ஒரு பகுதி யூனிட்டாகச் சேரும். காப்பீட்டுச் செலவை அந்த யூனிட்டிலிருந்துதான் கழிப்பார்கள். வயதோடு கழிவு கூடும், யூனிட் கரையும். கரைந்து தீர்ந்தால் பாலிசி லேப்ஸ், அதாவது காலாவதி. மாதாமாதம் ஒழுங்காகக் கட்டியவர்களே "எப்படி லேப்ஸ் ஆச்சு?" என்று திகைத்து நிற்பது இதனால்தான்.

கார்டு போனதும் என்ன ஆகும்? சட்டப்படி தனியார் மருத்துவமனை அவசர நிலையில் முதல் சிகிச்சை கொடுத்து உயிரை நிலைப்படுத்தும். அதற்குப் பிறகு பணம் வேண்டும். ஆஞ்சியோ செய்து இதயக் குழாயில் ஸ்டென்ட் வைப்பது பத்தாயிரக் கணக்கில் போகும். கட்ட முடியாதவர் அரசு மருத்துவமனைக்கு மாற்றப்படுவார். இனி ஃபாலோ-அப், மருந்து, இரத்தப் பரிசோதனை எல்லாம் அங்கேதான். வீடு மட்டும் தனியார் ஆஸ்பத்திரியின் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும்.

இந்தத் தவறின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 500,000 ரிங்கிட் வீட்டை விற்று அதே விலையில் இன்னொன்று வாங்குவதாக வைத்துக்கொள்வோம். விற்கும்போது ஏஜென்ட் கமிஷன் 3 விழுக்காடு வரை, அதாவது 15,000. வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு, 6,250. வாங்கும்போது முத்திரை வரி முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000க்கு 2 விழுக்காடு, ஆக 9,000. வழக்கறிஞருக்கு இன்னொரு 6,250. மொத்தம் 36,500 ரிங்கிட். சேவை வரி, லாரி, கிரில், பெயின்ட் இதில் சேரவில்லை. கொண்டோவின் மாதப் பராமரிப்புக் கட்டணமும் சேரவில்லை. தப்பான இடத்தில் வாங்கிவிட்டால் இன்னொரு முறை இதே தொகை. எழுபது வயதில் அந்தப் பணம் இரண்டு கண் புரை அறுவைக்கும் பல வருட மருந்துக்கும் போயிருக்கலாம்.

அதனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன் தாளை எடுத்து நான்கு பதில்களை எழுதுங்கள். முதலாவது, என் கார்டு கம்பெனியுடையதா, சொந்தமா? சொந்தம் என்றால் எத்தனை வயது வரை? இரண்டாவது, 65, 70, 75 வயதில் பிரீமியம் எவ்வளவு என்று மதிப்பிடுகிறார்கள், இப்போது கட்டும் தொகையில் பாலிசி எந்த வயது வரை தாங்கும்? ஏஜென்ட் வாயால் சொல்வது போதாது, எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது, நான் அரசு பென்ஷன்காரரா? ஆம் என்றால் அரசு மருத்துவமனைகளின் சலுகை உங்களுக்கு உண்டு, தனியாரைச் சுற்றி வீடு தேடக் காரணமே இல்லை. நான்காவது, என் நோய்ப் பதிவுகள் உள்ள ஃபைல் இப்போது எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது?

எழுபது வயதில் அரசு மருத்துவமனைக்குத்தான் போவோம் என்று பதில் வந்தால், வரைபடத்தில் வட்டத்தை இன்றே ஜெனரல் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் போடுங்கள். அதில் குறைவு எதுவுமில்லை. பினாங்கு ஜெனரல் ஆஸ்பத்திரியில் இதய மருத்துவமும் இதய அறுவையும் இருக்கின்றன. குடிமக்களுக்கு வெளிநோயாளிப் பிரிவில் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். பெருநிலத்தில் இருப்பவர்களுக்குச் செபராங் ஜெயா அரசு மருத்துவமனை இருக்கிறது.

இன்னொன்று. கார்டு கையில் இருக்கும்போதே அரசு கிளினிக்கில் ஒரு ஃபைல் திறந்துவிடுங்கள். நீரிழிவு இருந்தால் அங்கே தரும் பச்சைப் புத்தகத்தில் பதிவுகள் சேரட்டும். கார்டு முடிந்த பிறகு பரிந்துரைக் கடிதத்தோடு புதிதாகப் போனால், அவசரமில்லாத நோய்க்கு நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

அவசரத்தை மட்டும் நினைத்து இடம் தேர்வது

மாரடைப்பு வாழ்நாளில் ஒரு முறையோ இரண்டு முறையோ வரலாம், வராமலும் போகலாம். இரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் வருடம் முழுக்கப் போக வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் வீடுகளில் அது விருந்தாளி இல்லை, குடும்பத்தில் ஒருவர். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கினால் வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். வருடத்துக்கு 156 முறை போய் வர வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்து டயாலிசிஸ் மையம் முக்கால் மணி நேரம் தள்ளி இருந்தால், களைத்துப்போன உடம்போடு வருடத்துக்கு 234 மணி நேரம் சாலையில் கழியும்.

அடிக்கடி போகிற இடம் பக்கத்தில் இருக்க வேண்டும். எப்போதாவது போகிற இடம் கொஞ்சம் தள்ளி இருக்கலாம். அரசு கிளினிக், மருந்தகம், டயாலிசிஸ் மையம் 10 முதல் 15 நிமிடத்துக்குள். அவசரப் பிரிவு 20 நிமிடத்துக்குள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கும் கண் நிபுணரோ இதய நிபுணரோ ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் போதும்.

பெரிய மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த மருந்தின் அடுத்த மாதத் தவணைகளை அருகிலுள்ள அரசு கிளினிக்கிலேயே வாங்கும் வசதி உண்டு. எஸ்பியுபி என்று கவுன்டரில் சொன்னால் புரியும். தபாலில் அனுப்பும் சேவையும் இருக்கிறது. இது தெரியாமல், மருந்துக்காக மட்டுமே பெருநிலத்திலிருந்து தீவுக்குப் பாலம் தாண்டி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பாலத்தை மறப்பது

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் முதல் பாலம் 13.5 கிலோமீட்டர். அதில் ஒரு விபத்து நடந்தால் ஆம்புலன்சும் நிற்கும். பெருநிலத்தில், பிறையில் வீடு, தீவில் ஃபைல் என்ற நிலை வேண்டாம். மாறுவதாக இருந்தால் ஃபைலையும் மாற்றுங்கள்.

கட்டடத்தைப் பார்த்து நம்புவது

பளிங்குத் தரையும் பூந்தொட்டியும் இதயக் குழாயைத் திறக்காது. அவசரப் பிரிவில் நேரில் கேட்க வேண்டியவை மூன்று. இரவு இரண்டு மணிக்கு சிடி ஸ்கேன் எடுக்க முடியுமா? இரவில் ஆஞ்சியோ குழு வீட்டிலிருந்து அழைக்கப்பட்டு வருமா, இல்லை நோயாளியை வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா? பக்கவாதத்துக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி எல்லா நேரமும் போடுவீர்களா?

பெரிய மாரடைப்பில் ஆஸ்பத்திரி வாசலை அடைந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் குழாயைத் திறப்பதுதான் இலக்கு. பக்கவாதத்தில் அந்த ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரம்தான். தூக்கத்தில் வந்திருந்தால் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு. அதனால் "ராத்திரி பத்து மணிக்குப் படுக்கும்போது நல்லாத்தான் இருந்தார்" என்ற தகவலை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்த நேரத்தில் பெரும்பங்கு சாலையில் போவதில்லை, வீட்டுக்குள் போகிறது. "கேஸா இருக்கும்" என்று இஞ்சிச் சாறு கொடுப்பது, தைலம் தேய்ப்பது, கோலாலம்பூரில் இருக்கும் மகனுக்கு முதலில் போன் போடுவது. நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம். திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத தளர்ச்சி இருந்தால் முதல் போன் 999க்கு.

கொண்டோவின் கேட்டையும் லிஃப்டையும் பார்க்காமல் விடுவது

படுக்கவைத்துக் கொண்டுபோகும் ஸ்ட்ரெச்சர் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம். சாதாரண லிஃப்ட் பலவற்றில் அது நேராக நுழையாது. அளவு நாடாவோடு போய் லிஃப்டின் ஆழத்தை அளந்து பாருங்கள். பொம்பா லிஃப்ட், அதாவது தீயணைப்பு வீரர்களுக்கான லிஃப்ட் எது, இரவில் பூட்டுகிறார்களா, சாவி யாரிடம் என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். காவலாளி ஆம்புலன்சை நிறுத்திப் பெயர் எழுதவைப்பாரா என்றும் கேளுங்கள். லிஃப்டுக்கு அட்டை தேவையென்றால் கீழே போய்த் திறந்துவிட ஒருவர் வேண்டும். தனியாக இருக்கும் முதியவருக்கு அந்த ஒருவர் யார்?

வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டுங்கள்: பிளாக், மாடி, வீட்டு எண், எந்த நுழைவாயில், அருகிலுள்ள அடையாளம், எல்லாம் மலாயில். 999இல் தமிழ் பேச ஆள் கிடைப்பார் என்று நம்பியிருக்க முடியாது. பதற்றத்தில் அம்மா அதைப் பார்த்து வாசித்தாலே போதும். 999 வண்டி பொதுவாக அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோகும். தனியாருக்குப் போக நினைத்தால் அந்த மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் எண்ணும் அதே தாளில் இருக்கட்டும்.

மகள் காரில் கூட்டிப்போவாள் என்று நம்புவது

அவளுக்கும் வேலை இருக்கிறது.

தைப்பூசம்

தண்ணீர்மலை பக்கம் வீடு கிடைத்தால் முருகனும் பக்கத்தில், ஜெனரல் ஆஸ்பத்திரியும் பக்கத்தில். நம்மவர்களுக்கு அதைவிட நல்ல இடம் அமைவது கடினம். ஆனால் தைப்பூச நாட்களில் அந்தப் பகுதிச் சாலைகள் மூடப்படும், தேர் வரும் வழியில் கார் போகாது. அந்த வாரத்துக்கான மருந்தை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். டயாலிசிஸ் இருந்தால் நேரத்தை மாற்றித் தரச் சொல்லி மையத்திடம் இரண்டு வாரத்துக்கு முன்பே பேசுங்கள்.

வாங்கிவிட்டுப் பார்ப்பது

முடிந்தவரை முதலில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அந்த ஆறு மாதத்தில் குறைந்தது இரண்டு ஃபாலோ-அப் வரட்டும். காலை எட்டு மணி இரத்தப் பரிசோதனைக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது, பார்க்கிங் கிடைக்கிறதா, கிடைக்காத நாளில் கிராப் வாடகைக் கார் எவ்வளவு கேட்கிறது, மழையில் சக்கர நாற்காலியை எந்த வாசலில் இறக்க முடிகிறது என்று ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பழைய வீட்டை அதுவரை விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள்.