நாட்டுக்கோழிக்கு மாறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். பல வருடம் ஒப்பந்த முறையில் பிராய்லர் கொட்டகை நடத்தினேன். குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனி தரும். கொட்டகை, கரண்டு, ஆள்கூலி நம்முடையது. வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இப்போது அதை விட்டுவிட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். கோழி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஊர் திரும்பிய பிள்ளைகள். "பிராய்லர் வேண்டாம்ணே, உடம்புக்கு ஆகாது" என்பார்கள். அக்கறை நியாயமானதுதான். ஆனால் அந்த அக்கறையில் அவர்கள் செய்கிற பிசகுகள் எல்லாம் கோழி வளர்க்கும் எங்கள் ஆட்கள் ஏற்கெனவே செய்து முடித்தவை. நாற்றமடிக்கும் கறியை வாங்காதீர்கள், ஈ மொய்க்கும் கடைக்குப் போகாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

ஹார்மோன் ஊசியைத் தேடுவது

வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, "ஊசி போட்டு வளர்த்ததா?" என்பதுதான். ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கில் கோழி இருக்கும். தினமும் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட எவனாலும் முடியாது, முடிந்தாலும் கட்டுப்படியாகாது. சரி, தீவனத்தில் கலந்துவிடுகிறார்களோ என்றால், வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். வயிற்றுக்குள் போனால் மற்றப் புரதம் போலவே செரித்துவிடும். குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு விடுவதையும் தண்ணீரில் கலப்பதையும் பார்த்திருப்பீர்கள். அது தடுப்பு மருந்து.

அப்படியானால் 40 நாளில் 2 கிலோ எப்படி வருகிறது? பல தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த இனமும், மக்காச்சோளம், சோயா சேர்ந்த தீவனமும்தான் காரணம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் பழைய இனம் சுமார் 900 கிராம், புது இனம் சுமார் 4.2 கிலோ. 2014இல் வெளிவந்த ஆய்வு இது.

இந்த வேகத்துக்கு விலை இல்லாமல் இல்லை. பிராய்லரின் நெஞ்சுக்கறியில் நீளவாக்கில் வெள்ளைக் கோடுகள் ஓடுவதைப் பார்த்திருக்கலாம். சதை தாங்காத வேகத்தில் வளர்ந்ததால் அங்கே கொழுப்பும் நாரும் ஏறியிருக்கிறது. சாப்பிட்டால் நோய் வராது, கொழுப்பு கொஞ்சம் கூட. அப்புறம், பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதற்கு பிராய்லர்தான் காரணம் என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பேசுகிறார்கள். மருத்துவர்கள் முதலில் பார்ப்பது குழந்தையின் உடல் எடையை. வாரம் நாலு நாள் எண்ணெயில் பொரித்த கோழி கொடுத்தால் எடை ஏறத்தான் செய்யும். அது கோழிக்குப் போட்ட ஊசியால் அல்ல.

நாட்டுக்கோழி என்ற பெயருக்குப் பணம் கொடுப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து சூப் வைத்துக் கொடுப்பதற்காக, சாலையோரப் பண்ணையில் இரண்டு நாட்டுக்கோழி வாங்கிக்கொண்டு என் வீட்டு வழியாகப் போனான். பிராய்லர் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருந்தான். இரண்டும் ஒரே நிறம், ஒரே எடை, அலகு நுனி வெட்டியிருந்தது. ஒன்றுக்கு மூச்சுவிடும்போது கறகறவென்று சத்தம்.

"என்ன மருந்து கொடுத்தாங்கன்னு கேட்டியா தம்பி?"

"நாட்டுக்கோழிக்கு எதுக்குண்ணே மருந்து?"

நானே அந்தப் பண்ணைக்காரருக்கு போன் போட்டேன். சளி வந்ததால் என்ரோபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்து கொடுத்ததாகச் சொன்னார். எப்போது என்றால், முந்தின நாள்வரை. அவர் மறைக்கவும் இல்லை. அதில் தப்பு இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை.

மருந்து கொடுத்த கோழியின் உடம்பிலிருந்து அந்த மருந்து இறங்குவதற்கு நாள் ஆகும். அதுவரை அறுக்கக் கூடாது. எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும், புட்டியிலேயே போட்டிருக்க வேண்டும். நம் நாட்டு மருந்து விதிகளில் 2012இல் கொண்டுவந்த திருத்தப்படி, குறிப்பிட்ட மருந்துக்கு நாள் கணக்கு இல்லையென்றால் கறிக்கு 28 நாள், முட்டைக்கும் பாலுக்கும் 7 நாள் என்று குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ள வேண்டும். கொல்லையில் வளர்ப்பவர்களில் எத்தனை பேர் புட்டியைத் திருப்பிப் படிக்கிறார்கள்? மெடிக்கலில் வாங்கிய மனுஷ மாத்திரையைப் பிரித்து, சோற்றில் பிசைந்து போடும் வீடுகளில் புட்டியே கிடையாது.

வேகவைத்தால் போய்விடாதா என்று அந்தப் பையனும் கேட்டான். கிருமி சாகும். ஆனால் என்ரோபிளாக்சசின் போன்ற மருந்துகள் சாதாரணக் கொதிக்குச் சிதைவதில்லை, ஒரு பகுதி தண்ணீரில் இறங்கும். சூப் என்பதே அந்தத் தண்ணீர்தான்.

ஒரு கிண்ணம் சூப்பால் அம்மாவுக்கு உடனே ஏதாவது ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. விஷயம் பெரியது. கோழிக்கு அடிக்கடி, அரைகுறை அளவில் மருந்து போனால், அதன் குடலில் அந்த மருந்துக்குச் சாகாத கிருமி மட்டும் பிழைத்துப் பெருகும். அது பச்சைக் கறியோடும் கழிவோடும் நம் கைக்கும், உமி கலந்த கோழி எருவாக வயலுக்கும், அங்கிருந்து வாய்க்காலுக்கும் போகும். நாளைக்கு நமக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தால், அதே குடும்பத்து மருந்து வேலை செய்யாமல் போகலாம். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே, குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார். வேறு எந்த மருந்தும் கேட்காதபோது ஐ.சி.யு.வில் கடைசியாக எடுப்பது கோலிஸ்டின். அதையே கோழி சீக்கிரம் எடை ஏறுவதற்காகத் தீவனத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தியா 2019 ஜூலையில்தான் உணவுக்கான கால்நடைகளிலும் கோழிகளிலும் அதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடுவதையே 2006 முதல் நிறுத்திவிட்டது. டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தபோது 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது.

பிராய்லர் மீதான நியாயமான புகார் இதுதான். ஆனால் இந்தப் புகார் பிராய்லர் என்ற இனத்தின் மேல் அல்ல, நெருக்கமாக அடைத்து மருந்தை நம்பி வளர்க்கும் முறையின் மேல். நாட்டுக்கோழியைக் கொண்டுபோய் அதே மாதிரிக் கொட்டகையில் அடைத்தால் அதற்கும் அதே மருந்துதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒப்பந்தப் பண்ணையில் எந்தத் தேதியில் என்ன மருந்து என்று ஒரு அட்டையாவது இருக்கும், சூப்பர்வைசர் வந்து பார்ப்பார். சாலையோர நாட்டுக்கோழிக்கு அதுவும் கிடையாது.

அதைவிட மோசம் சுணங்கிய கோழி. வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டால் ஒன்றிரண்டு செத்ததும் மீதியை அவசரமாக விற்றுவிடுவது இங்கே பழைய வழக்கம். வாங்குகிறவன் நிற்கிற கோழியைத்தானே பார்ப்பான். கழிச்சல் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனாலும் பயத்தில் இருக்கிற மாத்திரையையெல்லாம் கொடுத்துவிட்டுத்தான் விற்பார்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை வருடந்தோறும் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே ஊசி போடுகிறார்கள். ஊசி போட்ட வீட்டுக் கோழிக்கு இந்தப் பதற்றம் பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே "ஊசி போட்டதா?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். அந்த ஊசிதான் வேண்டும்.

கண்ணால் பார்த்து மருந்து எச்சத்தைக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகத்தில்தான் முடியும். நம்மால் முடிந்தது வளர்ப்பைப் பார்ப்பது. வீட்டில் மேய்ந்த கோழி ஒன்றரைக் கிலோ வர 5, 6 மாதம் ஆகும். அதனால் ஒரு வீட்டில் பல வயது, பல நிறம் கலந்துதான் இருக்கும். ஒரே அச்சாக நூறு கோழி நின்றால் அது பண்ணை. பண்ணையாக இருப்பது குற்றமில்லை, அதற்குத் தகுந்த கேள்வியைக் கேளுங்கள்: எத்தனை நாள் கோழி, கடைசியாக மருந்து எப்போது, என்ன மருந்து, புட்டி இருக்கிறதா. முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள், அது பிராய்லராகவே இருந்தாலும் சரி. சந்தேகமாக இருந்து கோழி உயிரோடும் இருந்தால், கொண்டுவந்து அந்த நாள் கணக்கு தாண்டும்வரை கட்டிப்போட்டுத் தீவனம் போடுங்கள். அந்தப் பையனுக்கு அதைத்தான் சொன்னேன். அம்மாவுக்கு அன்றைக்கு முருங்கைக்கீரை சூப் ஆனது.

ஈரலைக் குழந்தைக்கு ஒதுக்குவது

மருந்து எச்சம் சதையைவிட ஈரலில் அதிகம் தங்கும். வளர்ப்பு தெரியாத கோழி என்றால் ஈரலைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

குழாயடியில் கோழி அலசுவது

மஞ்சள் போட்டு ஏழு தண்ணீர் விட்டு அலசினால்தான் நம் வீடுகளில் மனசு ஆறும். சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் என்ற கிருமிகள் இரண்டும் பச்சைக் கோழியில் சாதாரணமாக இருப்பவை. குழாயைத் திறந்துவிட்டு அலசினால் அந்தத் தண்ணீர் தெறித்துப் பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயம், கொத்தமல்லி மேலெல்லாம் விழும். கறி வேகும், கொத்தமல்லி வேகாது. அலசித்தான் ஆக வேண்டும் என்றால் ஆழமான சட்டியில், மெதுவாக, சாலட் வேலையெல்லாம் முடிந்த பிறகு. அரிவாள்மனையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி தொட்டால் கிருமி சாகும்; நம் குழம்புக் கொதிக்கு அது ஒரு பொருட்டில்லை, அவசரமாகப் பொரிக்கும் தொடைக்கறிதான் எலும்போரம் சிவந்து நிற்கும்.

வனாமியைக் கடல் இறால் என்று வாங்குவது

கோழியைச் சந்தேகப்பட்டு விட்டவர்கள் இறாலுக்குப் போகிறார்கள். வேதாரண்யத்திலிருந்து சீர்காழி வரை கடலோரக் குட்டைகளில் வளர்வது பெரும்பாலும் வனாமி. பசிபிக் பக்கத்து இனம், 2009இல் இங்கே அனுமதித்தார்கள். இதுவும் அடர்த்தியாக அடைத்து வளர்க்கும் கறிதான். குட்டைகள் நிலத்தையும் குடிநீரையும் கெடுக்கின்றன என்று இந்தப் பக்கத்து காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போய் 1996இல் தீர்ப்பும் வாங்கினார், அது தனிக் கதை. ஐரோப்பாவுக்குப் போகும் இறாலை, தடை செய்த மருந்து இருக்கிறதா என்று அறுவடைக்கு முன்பே சோதிக்கிறார்கள். நம் தெருவுக்குக் கூடையில் வரும் இறாலுக்கு அந்த முன்சோதனை இல்லை. எல்லாம் ஒரே அளவில், மெல்லிய ஓட்டோடு, வருடம் முழுக்கக் கிடைத்தால் பெரும்பாலும் குட்டை இறால். மீன்காரம்மாவிடம் கேளுங்கள். வாடிக்கையாக வாங்குகிறவர்களிடம் அவர்கள் பொய் சொல்வதில்லை.

கோழிக்குப் பதில் சாசேஜ், சலாமி

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பட்டியலில் சேர்த்தது. பிராய்லர் குழம்பு அந்தப் பட்டியலில் இல்லை.

பறவைக் காய்ச்சல் செய்தி வந்ததும் முழுப் பட்டினி

நன்றாக வெந்த கறியிலும் முட்டையிலும் அந்த வைரஸ் பிழைக்காது. செத்துக் கிடக்கும் காக்கையையும் வாத்தையும் கையால் தொடாமல் இருப்பதுதான் முக்கியம்.

மதியக் குழம்பை ராத்திரிவரை அடுப்பிலேயே விடுவது

வேண்டாம். அடுப்பை அணைத்த 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜில்.

வாத்து முட்டையை ஆஃப்பாயில் போடுவது

அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்துக் கூட்டத்திடம் வாங்கிய முட்டைதான், மருந்து எதுவும் இல்லைதான். சால்மோனெல்லா இருக்கலாம். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவையுங்கள்.