விஜய் அமிர்தராஜோட கெரியரை எப்படி படிக்கணும்?

பழைய டென்னிஸ் பிளேயர்னு பேச்சு வந்தாலே எத்தனை கிராண்ட்ஸ்லாம்னு தான் கேக்குறாங்க, விஜய் அமிர்தராஜுக்கு சிங்கிள்ஸ்ல ஒண்ணும் இல்லன்னதும் பேச்சை மாத்திடுறாங்க, எனக்கு இது சுத்தமா ஒத்துக்கவே மாட்டேங்குது. ஆண்கள் டென்னிஸை நடத்துற ஏடிபி அமைப்போட சைட்ல அவர் பேரைப் போட்டா வருஷவாரியா மேட்ச் எல்லாம் வரும், அதை வச்சுகிட்டு இப்படி படிச்சுப் பாருங்க.

மொதல்ல தரையைப் பாருங்க. யுஎஸ் ஓபன்ல அவர் குவார்ட்டர் ஃபைனல் போனது 1973லயும் 1974லயும், அப்போ ஃபாரஸ்ட் ஹில்ஸ்ல புல்தரை. 1975ல அதை களிமண்ணா மாத்திட்டாங்க, 1978ல ஹார்டு கோர்ட். புல்லுல பந்து வேகமா வழுக்கிட்டுப் போகும், களிமண்ல மெதுவாகும், சர்வ் போட்ட கையோட நெட்டுக்கு ஏறி வர்ற ஆளுக்கு இருபத்தொரு வயசுல இப்படி ஆனா என்ன பண்றது சொல்லுங்க. விம்பிள்டன் மட்டும் புல்லாவே இருந்துச்சு, 1973க்கு அப்புறம் 1981லயும் அங்க குவார்ட்டர் வந்தார்.

அடுத்து, எந்த ரவுண்டுன்றதை விட யார்கிட்ட எப்படி தோத்தார்னு பாருங்க. 1973 விம்பிள்டன்ல யான் கோடெஸ்கிட்ட அஞ்சாவது செட் 5-7, அந்த கோடெஸ் தான் கப் அடிச்சார். அந்த வருஷம் நிக்கோலா பிலிச்ன்ற யூகோஸ்லாவிய பிளேயருக்கு தடை போட்டதை எதிர்த்து சுமார் 80 பேர் விம்பிள்டன்ல ஆடாம வெளிய நின்னாங்க, அதையும் கணக்குல எடுத்துக்கணும் தான், ஆனா ரெண்டு மாசத்துல யுஎஸ் ஓபன்ல ஆஸ்திரேலிய ஜாம்பவான் ராட் லேவரையே ஜெயிச்சாரே, அடுத்த வருஷம் அங்கேயே ஸ்வீடனோட பியோர்ன் போர்க்கையும்! ரெண்டு தடவையும் குவார்ட்டர்ல நிறுத்தினது இன்னொரு ஆஸ்திரேலிய ஜாம்பவான் கென் ரோஸ்வால். 1981 விம்பிள்டன்ல அமெரிக்காவோட ஜிம்மி கானர்ஸ் மேல ரெண்டு செட் லீடு எடுத்துட்டு தோத்தது இன்னைக்கு படிச்சாலும் வலிக்குது.

எதிராளியோட வருஷத்தையும் சேர்த்து பாக்கணும். 1984ல அமெரிக்காவோட ஜான் மெக்கன்ரோ மொத்தமே 3 மேட்ச் தான் தோத்தார், 82 ஜெயிச்சார், அந்த மூணுல ஒண்ணு சின்சினாட்டில நம்மாளுகிட்ட.

ஸ்கோர்ல 9-8னு பாத்தா டைப்பிங் தப்புன்னு நினைக்காதீங்க, விம்பிள்டன்ல 1971ல இருந்து 1978 வரைக்கும் 8-8ல தான் டைபிரேக், அதாவது செட்டை முடிக்கிற கடைசி கேம். கம்ப்யூட்டர் ரேங்கிங்கும் 1973 ஆகஸ்ட்ல தான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி தேடாதீங்க.

நாடுகள் டீமா மோதுற டேவிஸ் கப்பை கட்டாயம் தனியா உக்காந்து படிங்க, அவரோட பாதி கெரியர் அங்க தான் இருக்கு. 1974ல இந்தியா ஃபைனல் வந்தும் நிறவெறியை எதிர்த்து தென்னாப்பிரிக்காவோட ஆட மாட்டோம்னு கப்பையே விட்டுக்கொடுத்துச்சு, அதனால ரெக்கார்ட்ல ஃபைனல் இருக்கும் மேட்ச் இருக்காது. 1987ல சிட்னி புல்தரைல ஆஸ்திரேலியாவை 3-2னு சாய்ச்சு திரும்ப ஃபைனல், ஸ்வீடன் கோத்தன்பர்க்ல களிமண் போட்டு வச்சிருந்தாங்க, 0-5. ரெண்டு டீம்லயும், 13 வருஷ இடைவெளில, அவர் இருந்தார்.