நீலப்பச்சை கில்லி மீன்: வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த மீனை வளர்ப்பவர்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை, அது எங்கே பிறந்தது என்பதை மறந்துவிடுவதால் வருபவை. நோத்தோபிராங்கியஸ் ஃபர்செரி என்று 1971-ல் அறிவியல் பெயர் பெற்ற இந்த இனம், ஜிம்பாப்வேயின் தென்கிழக்கிலும் தெற்கு மொசாம்பிக்கிலும் மழைக்குத் தேங்கும் குட்டைகளில் வாழ்கிறது. குட்டை வற்றினால் மீன்கள் எல்லாம் செத்துப்போகும். சேற்றில் புதைந்த முட்டைகள் மட்டும் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அதனால்தான் அத்தனை அவசரம்: மொசாம்பிக் குட்டைகளில், பொரித்த இரண்டே வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாரான மீன்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே, நான்கு மாதத்தில் மீன் மெலிந்து, நிறம் மங்கி, முதுகு வளைந்தால் நோய் என்று நினைத்து மருந்தை ஊற்றாதீர்கள். பெரும்பாலும் அது முதுமைதான். ஜிம்பாப்வே வம்சாவளி மீன்கள் ஆய்வகத்திலேயே மூன்று நான்கு மாதம்தான் வாழும். மொசாம்பிக் மீன்கள் கூடுதலாக வாழும்.

பெரிய தவறுகள் நடப்பது முட்டையில். 'காய்ந்த குட்டையில் பிழைக்கும் முட்டை' என்று கேள்விப்பட்டு, தொட்டியில் சேற்றுக்குப் பதிலாகப் போட்ட, முட்டையுள்ள தேங்காய் நார்த்தூளை எடுத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். முட்டை வறண்டு சுருங்கிவிடும். அதன் சொந்தக் குட்டைகளின் அடியில் இருப்பது நம் கரிசல் மண் வகையைச் சேர்ந்த களிமண். மேலே வெடித்துப் பிளந்தாலும் உள்ளே ஈரத்தை விடாது. நார்த்தூளும் அப்படித்தான் இருக்க வேண்டும்: கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

அடுத்த தவறு, முட்டை பொரிக்க நாள் கணக்கை மட்டும் நம்பித் தண்ணீர் விடுவது. ஒரே நாளில் இட்ட முட்டைகள்கூட ஒரே வேகத்தில் வளர்வதில்லை. சில வழியிலேயே வளர்ச்சியை நிறுத்திவிட்டு உறங்கும். மழை ஏமாற்றினாலும் வம்சம் அழியாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. பையைப் பிரித்து நாலைந்து முட்டைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். குஞ்சின் கருவிழியைச் சுற்றிப் பொன்னிற வளையம் தெரிந்தால் தயார். அதற்கு முன்பே நனைத்தால், மீனை மிதக்க வைக்கும் காற்றுப்பை நிரம்பாமல் தரையோடு தவழும் குஞ்சுகள்தான் அதிகம் வரும். அவை தேறுவது அபூர்வம்.

முதல் முறை பொரித்ததும் நார்த்தூளைக் கொட்டிவிடுகிறவர்கள் பாதிச் செல்வத்தைக் குப்பையில் போடுகிறார்கள். அதைத் திரும்பப் பிழிந்து, கட்டி, சில வாரம் கழித்து மறுபடி நனையுங்கள். உறங்கிய முட்டைகள் அப்போது பொரிக்கும்.

சிவப்பு வால் ஆணும் மஞ்சள் வால் ஆணும் வேறு வேறு இனம் என்று நினைத்துப் பிரிக்க வேண்டாம். இரண்டும் ஒன்றுதான். ஆனால் வெவ்வேறு இடத்து மீன்களைக் கலக்காதீர்கள். ஒவ்வொரு பையிலும் முட்டை எடுத்த தேதியோடு, அந்த மீன்களின் பூர்வீக இடத்தையும் எழுதி ஒட்டுங்கள்.