ஒரு மழைக் குறளை அலகிட்டுப் பார்ப்போம்

தேமா, புளிமா என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தது பலருக்கும் நினைவிருக்கும். எதற்கு ஒப்பித்தோம் என்பதுதான் மறந்திருக்கும். வான்சிறப்பு அதிகாரத்தின் 16ஆம் குறளை அலகிட்டு, அதாவது ஓசைத் துண்டுகளாகப் பிரித்து அளந்து, அதைப் பார்த்துவிடலாம்.

விசும்பின் துளிவீழின் அல்லால்மற் றாங்கே
பசும்புல் தலைகாண் பரிது.

வானத்திலிருந்து துளி விழாவிட்டால் பசும்புல்லின் தலையைக்கூடக் காண முடியாது. சரி, பொருளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

முதலில் அசை பிரியுங்கள். அசை என்பதுதான் அந்த ஓசைத் துண்டு. ஒரு குறிலோ நெடிலோ தனித்து நின்றால் நேர். குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை. பின்னால் ஒற்று வந்தால் அதை எண்ண வேண்டாம்.

அடுத்து, அசைகள் சேர்ந்த சீர் ஒவ்வொன்றுக்கும் வாய்பாடு, அதாவது அந்த அசை வரிசைக்கு வைத்த பெயர்:

விசும்/பின் – நிரை நேர் – புளிமா
துளி/வீ/ழின் – நிரை நேர் நேர் – புளிமாங்காய்
அல்/லால்/மற் – நேர் நேர் நேர் – தேமாங்காய்
றாங்/கே – நேர் நேர் – தேமா
பசும்/புல் – புளிமா
தலை/காண் – புளிமா
பரி/து – நிரையும் குற்றியலுகரமும் – பிறப்பு (கடைசிச் சீருக்கு வாய்பாடு தனி)

முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று, ஈற்றுச்சீர் பிறப்பு. வடிவம் குறள் வெண்பா. (புல்லைப் பாடும் குறளை மாங்காய் வைத்து அளக்கிறோம்!)

மூன்றாவது, தளை: ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை. மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும், காய்ச்சீருக்குப் பின் நேர். விளச்சீர் (கூவிளம், கருவிளம்) இதில் இல்லாததால் தொடங்குபவர்களுக்கு வசதி. மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பாருங்கள், ஓரிடத்திலும் தட்டாது.

எதுகை கண்ணிலேயே படும்: விசும்பின், பசும்புல். இரண்டாம் எழுத்து 'சு'.

இனி, பலர் தடுக்கி விழும் இடம். 'மற்றாங்கே' என்ற சொல்லை ஏன் இப்படி உடைக்க வேண்டும்? உடைக்காமல் 'அல்லால் மற்றாங்கே' என்று எழுதிப் பாருங்கள். 'அல்லால்' தேமா ஆகிவிடும். அதற்குப் பின் நிரை வேண்டும், 'மற்' நேர். 'மற்றாங்கே' தேமாங்காய், அதற்குப் பின் நேர் வேண்டும், 'பசும்' நிரை. ஒரே சொல்லைச் சேர்த்ததில் தளை இரண்டு இடத்தில் தட்டுகிறது. ஓசைக்காகச் சொல்லை இப்படிப் பிரிப்பதற்கு வகையுளி என்று பெயர். அதனால் அலகிடும்போது அகராதியை மூடிவிட்டு வாய்விட்டுப் படியுங்கள்.

'காண் பரிது' என்பதும் அப்படித்தான். சொல்லாகப் பார்த்தால் 'காண்பு அரிது'. பிரித்த இடத்தில் 'ப' அடுத்த சீரின் தலைக்கு வந்து, பசும்புல்லோடு மோனை சேர்ந்துகொள்கிறது.